கனடாவுக்குக் குடும்பத்தை ஸ்பொன்சர் பண்ணுறது: அடிக்கடி கேக்கிற கேள்வியள்

மனுசன், மனுசி, பிள்ளையள், அப்பா அம்மா எண்டு ஊரில இருக்கிற ஆக்களைக் கனடாவுக்கு எடுக்கிறதைப் பற்றி எங்கட ஆக்கள் திருப்பித் திருப்பிக் கேக்கிறதுகளை ஒரு இடத்தில போட்டிருக்கிறன். நான் லோயர் இல்லை, ஆனா கன ஃபைலுகள் போனதையும் திரும்பி வந்ததையும் கிட்ட இருந்து பாத்த ஆள். இமிக்ரேசன், அதாவது ஐ.ஆர்.சி.சி எண்ட கனடாக் குடிவரவுத் திணைக்களம், விதியளையும் காசையும் அடிக்கடி மாத்திக்கொண்டே இருக்கும், அதால அனுப்ப முதல் அவையின்ர தளத்தில ஒருக்காப் பாத்துப்போட்டு அனுப்புங்கோ.

ஆர் ஸ்பொன்சர் பண்ணலாம்?

18 வயசு முடிஞ்ச சிற்றிசன் அல்லது பி.ஆர் (நிரந்தர வதிவிட உரிமை உள்ள ஆள்) பண்ணலாம். பி.ஆர் மட்டும் உள்ள ஆள் கனடாவுக்குள்ள இருந்துதான் போடவேணும். சிற்றிசன் எண்டா வெளியில இருந்துகொண்டும் மனுசன் மனுசிக்கோ பிள்ளையளுக்கோ போடலாம், ஆனா அவைக்கு பி.ஆர் கிடைக்கிற நேரம் தானும் திரும்பி வந்து இஞ்ச இருப்பன் எண்டதைக் காட்டவேணும்.

வெல்ஃபெயார், அதாவது அரசாங்க உதவிப்பணம், எடுத்துக்கொண்டு இருக்கிற ஆள் பண்ணேலாது. ஆனா இயலாமைக்கு எடுக்கிற உதவிப்பணம், ஒன்ராறியோவில ஓ.டி.எஸ்.பி எண்டுறது, தடையில்லை. வேலை போய் இ.ஐ எடுக்கிறதும் மகப்பேற்று லீவுக் காசும் வெல்ஃபெயார் கணக்கில வராது, கனபேர் இதைக் குழப்பிப்போட்டு வருசக்கணக்கா சும்மா காத்திருக்கினம். வங்குரோத்து அடிச்சு இன்னும் அதில இருந்து விடுபடாத ஆள், முந்தி ஸ்பொன்சர் பண்ணின ஆளுக்காக அரசாங்கத்துக்குக் கடன் நிக்கிற ஆள், ஜெயிலில இருக்கிற ஆள், சில வகைக் குற்றத்துக்குத் தண்டனை வாங்கின ஆள், இவையளுக்கும் கதவு பூட்டுத்தான்.

தம்பியை, அக்காவை எடுக்கலாமோ?

பொதுவா ஏலாது. கூடப்பிறந்த ஆக்களுக்கு எண்டு ஒரு வழி சட்டத்தில இல்லை. தாய் தேப்பன் ரெண்டு பேரும் இல்லாத, 18 வயசுக்குக் குறைஞ்ச, கலியாணம் கட்டாத தம்பி தங்கச்சி, மருமக்கள், பேரப்பிள்ளை எண்டா போடலாம். மற்றது, உங்களுக்கு மனுசியும் இல்லை, பிள்ளையும் இல்லை, தாய் தேப்பனும் இல்லை, ஸ்பொன்சர் பண்ணக்கூடிய ஆருமே இல்லை, கனடாவிலயும் சகோதரம் மாமா மாமி எண்டு ஒருத்தரும் சிற்றிசனாவோ பி.ஆராவோ இல்லை எண்டா ஏதாவது ஒரு சொந்தக்காரரை எடுக்கலாம். எங்கட சனத்தில அப்பிடித் தனிச்ச ஆளைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். "தம்பிக்கு ஸ்பொன்சர் போட்டுத் தாறன்" எண்டு ஆரும் காசு கேட்டால் இந்தப் பந்தியை வாசிச்சுக் காட்டுங்கோ.

மனுசியை எடுக்க எவ்வளவு சம்பளம் காட்டவேணும்?

மனுசன், மனுசி, தங்கியிருக்கிற பிள்ளை, இந்த மூண்டுக்கும் இவ்வளவு இன்கம் வேணும் எண்டு ஒரு கோடு கிடையாது. அந்தப் பிள்ளைக்கே ஒரு பிள்ளை இருந்தால்தான் கணக்குப் பாப்பினம். கியூபெக்கில வேற நடைமுறை, அங்க மாகாணமே தனியா ஒரு ஒப்பந்தம் வாங்கும், அங்க இருக்கிற ஆக்கள் அதைத் தனியாப் பாருங்கோ. அதுக்காக வேலையும் இல்லை, வீடும் இல்லை, ஒண்டும் இல்லை எண்டு போட்டால் ஒஃபிசர் "வந்தால் என்னெண்டு பாப்பாய்" எண்டு யோசிக்கத்தான் செய்வார். வேலைக் கடிதம், ரக்ஸ் கட்டின நோட்டீஸ், ரெண்டையும் வைச்சால் அந்தக் கேள்வி எழும்பாது.

கையெழுத்து வைக்கிற அந்த அண்டர்ரேக்கிங் எண்டது என்ன? எல்லாரும் வைக்கிறவைதானே?

எல்லாரும் வைக்கினம், வாசிக்கிறது ஆரெண்டுதான் தெரியேல்ல. ஐ.எம்.எம் 1344 எண்ட ஃபோமில நீங்கள் வைக்கிற கையெழுத்து மனுசிக்குக் குடுக்கிற வாக்கு மட்டுமில்லை, அரசாங்கத்துக்கும் குடுக்கிற வாக்கு. வாற ஆளின்ர சாப்பாடு, உடுப்பு, வீடு, மருத்துவக் காப்புறுதியில வராத பல்லு, கண் செலவு, எல்லாம் நான் பாப்பன், அவர் வெல்ஃபெயார் எடுத்தால் அந்தக் காசை நான் திருப்பிக் கட்டுவன் எண்டுறதுதான் அதின்ர சாரம்.

காலம் ஆளுக்கு ஆள் வித்தியாசம். மனுசன் மனுசிக்கு அவை பி.ஆர் ஆன நாளில இருந்து 3 வருசம். 22 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு 10 வருசம் அல்லது பிள்ளைக்கு 25 வயசு வரும்வரை, எது முதல் வருதோ அது. தாய் தேப்பன், அம்மம்மா அப்பப்பாவுக்கு 20 வருசம். (கியூபெக் கணக்கு வேற.) 40 வயசில அப்பா அம்மாவுக்குக் கையெழுத்து வைச்சால் 60 மட்டும் உங்கட தலையிலதான்.

இடையில டிவோர்ஸ் ஆனாலும், நீங்கள் வேலை இழந்தாலும், வாற ஆள் சிற்றிசன் ஆனாலும், வேற மாகாணத்துக்குப் போனாலும் இது முறியாது. சண்டை பிடிச்சுப் பிரிஞ்ச மனுசி ரெண்டாம் வருசம் வெல்ஃபெயார் எடுத்தால் பில் உங்களுக்குத்தான் வரும். "நான் சொல்லி அவ எடுக்கேல்லையே" எண்டு வாதாடிப் பிரயோசனம் இல்லை. இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன விசயம், 2011இல மாவி வழக்கில தீர்ப்பு வந்தது: அரசாங்கம் உங்களுக்கு அறிவிக்கவேணும், உங்கட கஷ்டத்தைப் பாத்துத் தவணை தரலாம், ஆனா கடனை இல்லையெண்டு ஆக்கேலாது.

பி.ஆர் குடுக்கப்பட முதல் மனம் மாறினால் எழுத்தில அறிவிச்சு விலகலாம். குடுத்தாப் பிறகு விலகுறதெண்ட பேச்சே இல்லை.

நான் அகதியா வந்து ஏற்கப்பட்டனான், பி.ஆர் இன்னும் வரேல்ல. மனுசியை எப்பிடி எடுக்கிறது?

இதுக்கு ஸ்பொன்சரே தேவையில்லை. உங்கட சொந்த பி.ஆர் அப்ளிக்கேசனிலயே மனுசியையும் பிள்ளையளையும் சேர்த்துப் போடலாம், அவை கொழும்பில இருந்தாலும் சரி சென்னையில இருந்தாலும் சரி. பாதுகாப்புப் பெற்ற ஆளெண்ட முறையில வாற அப்ளிக்கேசனுக்குக் குடியிருப்பு உரிமைக் கட்டணமும் இல்லை. "முதல்ல எனக்கு வரட்டும், பேந்து அவளுக்கு ஸ்பொன்சர் போடுவம்" எண்டு விட்டவை பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஏன் எண்டா இந்த ஏரியாவிலதான் ஒரு பொல்லாத விதி இருக்கு, 117(9)(d) எண்டு லோயர்மார் சொல்லுவினம். நீங்கள் பி.ஆர் எடுக்கேக்க உங்களுக்கு இருந்த மனுசியையோ பிள்ளையையோ ஃபோமில காட்டாமல், அவைக்கு மெடிக்கல் செக் நடக்காமல் விட்டிருந்தால், பிறகு குடும்ப வகுப்பில அவையை ஸ்பொன்சர் பண்ணேலாது. கூட வராட்டிலும் காட்டவேணும், "கூட வராத ஆள்" எண்டு அதுக்குத் தனிக் கட்டமே இருக்கு. 2019 செப்டம்பரில இப்பிடி விடுபட்ட சிலருக்கு மட்டும் ஒரு பைலட் திட்டம் திறந்தவை, அதுவும் எல்லாருக்கும் பொருந்தாது. மனிதாபிமானக் காரணம் எண்டு கேட்டுப் போடலாம், ஆனா அது கதவைத் தட்டுறதுதான், உரிமை இல்லை.

அதோட, முந்தி நீங்கள் எழுதிக்குடுத்த அகதிக் கதை, விசிற்றர் விசாவுக்குப் போட்ட ஃபோம், ஸ்ருடன்ற் விசா ஃபோம், எல்லாம் அங்க கிடக்கு. 2009இல தனி ஆள் எண்டு எழுதிப்போட்டு, இப்ப 2008இல கலியாணம் எண்டு சேர்ட்டிபிக்கற் வைச்சால் ஒஃபிசருக்குக் கணக்குப் பாக்க ரெண்டு நிமிசம் போதும். பழைய ஃபைல் கையில இல்லாட்டி தகவல் அறியும் உரிமையில கேட்டு எடுங்கோ, செலவு பெரிசில்லை. எடுத்து வாசிச்சுப்போட்டு மற்றதைத் தொடங்குங்கோ.

அகதியா வந்து பி.ஆர் ஆன நான் ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டலாமோ?

சிற்றிசன் ஆகியிருந்தால் இந்தப் பயம் இல்லை. பி.ஆர் மட்டும் எண்டா நல்லா யோசியுங்கோ. 2012 டிசம்பர் 15இல வந்த சட்டத்துக்குப் பிறகு, பாதுகாப்புக் கேட்டு ஏற்கப்பட்ட ஆள் அதே நாட்டின்ர பாஸ்போட்டை எடுத்து அதே நாட்டுக்குப் போய் வந்தால், "உனக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை" எண்டு வழக்கு வைச்சு, அந்த அகதி நிலையோட பி.ஆரையும் சேர்த்து எடுக்கலாம். எங்கட கலியாணங்கள் கனக்க திருச்சியிலயும் சென்னையிலயும் சிங்கப்பூரிலயும் நடக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். அங்க போறதெண்டாலும் இலங்கைப் பாஸ்போட்டில போகாமல் கனடா குடுக்கிற அகதிப் பயணப் பத்திரத்தில போங்கோ. ரிக்கற் போட முதல் ஒரு லோயரிட்டை ஒரு மணித்தியாலக் காசைக் குடுத்துக் கேளுங்கோ, இது நான் சொல்லி முடியிற விசயமில்லை.

பேசிச் செய்த கலியாணம். "லவ்" இல்லையெண்டு நிராகரிப்பினமோ?

இல்லை. சாதகம் பாத்து, தரகர் மூலமாவோ சித்தி மூலமாவோ பேசி, வீடியோ கோலில கதைச்சு, பேந்து போய்க் கட்டுறது எங்கட வழக்கம் எண்டு ஒஃபிசர்மாருக்கு வடிவாத் தெரியும். அவை பாக்கிறது ரெண்டு விசயம்: இந்தக் கலியாணம் உண்மையோ, இது முக்கியமா விசாவுக்காகச் செய்ததோ. 2010இல இருந்து இதில ஒண்டு பிழைச்சாலே போதும், ரெண்டும் பிழைக்கத் தேவையில்லை.

பிரச்சினை வாறது பேசிச் செய்த கலியாணத்தைக் காதல் கதையா மாத்தேக்கதான். ஏஜென்ற் ஒருத்தர் எழுதின கதையில "கோயில் திருவிழாவில கண்டம், கண்டதும் பிடிச்சிட்டுது" எண்டு வரும், அதே வசனம் இன்னும் நாலு ஃபைலிலயும் வரும், எல்லாம் ஒரே ஒஃபிசில போய்க் குவியும். உண்மையை நாள் மாதத்தோட எழுதுங்கோ: ஆர் முதல் கேட்டது, சாதகம் எப்ப மாறினது, முதல்முதல் எப்ப கதைச்சது, ஆர் ஓமெண்டது, ஆர் முதல்ல வேண்டாம் எண்டது. மாப்பிளையின்ர தாய்க்கு முதல் விருப்பமில்லை, பேந்து ஓமெண்டவா எண்டு இருந்தால் அதையும் எழுதலாம், அப்பிடியான சில்லறை விசயங்களிலதான் உண்மை தெரியும்.

ஐ.எம்.எம் 5532 ஃபோமில கலியாணத்துக்கு எத்தினை பேர் வந்தவை, தாய் தேப்பன் வந்தவையோ, தேனிலவு போனீங்களோ எண்டெல்லாம் கேள்வி இருக்கு. கனடாவில இருக்கிற உங்கட அம்மா அப்பா வரேல்லை எண்டா ஏன் வரேல்லை எண்டு அந்த இடத்திலயே சொல்லுங்கோ: ரிக்கற் காசு, முழங்கால் ஒப்பரேசன், லீவு கிடைக்கேல்ல, எது உண்மையோ அது. ஒஃபிசர் கேக்க முதல் நீங்கள் சொன்னால் அது விளக்கம், கேட்டாப் பிறகு சொன்னால் சாட்டு.

கூட உத்துப் பாக்கிற இடங்களும் இருக்கு. வயசு வித்தியாசம் கனக்க, முதல் கலியாணம் முறிஞ்சு உடன அடுத்தது, விசிற்றர் விசா ரெண்டுதரம் நிராகரிச்ச கையோட கலியாணம், மாப்பிளை ஒரு கிழமை மட்டும் நிண்டுபோட்டுத் திரும்பி ரெண்டு வருசமாப் போகேல்ல. இப்பிடி எண்டா கட்டாயம் நிராகரிப்பினம் எண்டில்லை, கூட விளக்கம் குடுக்கவேணும்.

எழுத்து மட்டும் முடிச்சிட்டம், தாலி கட்டுறது பேந்து. அப்ளிக்கேசன் போடலாமோ?

பதிவு முடிஞ்சால் சட்டப்படி புருசன் பெண்சாதிதான், போடலாம். ஃபோமில கலியாண நாள் எண்டு போடவேண்டியது பதிவு நாள், நல்ல நேரம் பாத்துத் தாலி கட்டப்போற நாள் இல்லை. ஆனா எழுத்துக்குப் பிறகும் பொம்பிளை தாய் வீட்டில, மாப்பிளை திரும்பி ரொறன்ரோவில எண்டு இருந்தால் "சேர்ந்து வாழ்ந்தனீங்களோ" எண்டு கேப்பினம். தாலி கட்டாமல் பொம்பிளையை அனுப்பமாட்டம் எண்டுறது எங்களுக்கு விளங்கும், அவைக்கு நீங்கள்தான் விளங்கப்படுத்தவேணும். ஏலுமெண்டா ரெண்டையும் ஒரே பயணத்தில முடிச்சுப்போட்டுப் போடுறது நல்லம்.

ஸூமில கலியாணம் கட்டினால்?

செல்லாது. 2015 ஜூன் 11க்குப் பிறகு போனில, இன்ரநெற்றில, ஆளுக்குப் பதில் ஆள் நிண்டு செய்த கலியாணங்களை இமிக்ரேசன் ஏற்காது. ரெண்டு பேரும் ஒரே இடத்தில நேர நிண்டிருக்கவேணும். கனடா இராணுவத்தில வெளிநாட்டுக் கடமையில இருக்கிற ஆக்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

ஆதாரம் எவ்வளவு வைக்கிறது? எங்களிட்டை 800 படம் இருக்கு.

800 படத்தை ஒருத்தரும் பாக்கப்போறதில்லை. செக்லிஸ்ற்றிலயே படம் 20, கடிதம் மெசேஜ் 10 பக்கம் எண்டு அளவு இருக்கு. ஸ்ரூடியோக்காரன் எடுத்த மணவறைப் படம் அஞ்சு ஆறு காணும். மிச்சம் நிச்சயதார்த்தம், வீட்டில சாதாரணமாச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறது, பெரியம்மாவையளோட நிக்கிறது, எயார்ப்போட்டில வழியனுப்பினது எண்டு வேற வேற நாளில எடுத்ததா இருக்கட்டும். ஒவ்வொண்டுக்கும் கீழ எந்த நாள், எந்த இடம், ஆர் ஆர் எண்டு எழுதுங்கோ.

வட்ஸ்அப்பில ஒரு கிழமைக் கதையை மட்டும் பிரின்ற் எடுக்காமல் மாதத்துக்கு ஒரு பக்கம் எடுங்கோ. "சாப்பிட்டீங்களோ", "மழையோ", "அம்மாக்குப் பிறசர் செக் பண்ணினதோ" எண்டு இருக்கிற பக்கம்தான் நல்ல பக்கம். தமிழில இருந்தால் மொழிபெயர்ப்பு வேணும். காசு அனுப்பின ரிசீற், ரெண்டாம்தரம் போய் வந்த போர்டிங் பாஸ், காப்புறுதியில மனுசியின்ர பேர் போட்டது, இதுகள் படத்தை விடப் பேசும்.

இலங்கைக் கடதாசியளில கவனிக்க வேண்டியது என்ன?

பேர். எல்லாத்துக்கும் முதல் பேர். பிறப்புச் சான்றிதழில ஒரு மாதிரி, பாஸ்போட்டில இங்கிலீஸ் எழுத்து ஒண்டு கூட, பள்ளிக்கூடச் சான்றிதழில தேப்பன்ர பேர் முன்னுக்கு, கலியாணச் சான்றிதழில பின்னுக்கு. எங்கட வழக்கத்தில தேப்பன்ர பேர்தான் குடும்பப் பேர் மாதிரி நிக்கிறதால ஒரே வீட்டில தேப்பனுக்கு ஒண்டு, பிள்ளைக்கு இன்னொண்டு. ஃபோமில பாஸ்போட்டில உள்ளபடியே போடுங்கோ, மற்றப் பேர்கள் எண்ட கட்டத்தில எல்லா வடிவத்தையும் எழுதுங்கோ, வித்தியாசம் பெரிசெண்டா ஊரில ஒரு சட்டத்தரணியிட்டை "எல்லாம் ஒரே ஆள்தான்" எண்டு சத்தியக்கடதாசி முடிச்சு வையுங்கோ.

தமிழ், சிங்களத்தில உள்ளதெல்லாம் இங்கிலீஸ் அல்லது பிரெஞ்சுக்கு மாத்தவேணும். குடும்பத்தில நல்ல இங்கிலீஸ் தெரிஞ்ச மச்சான் மாத்தினால் எடுபடாது, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்யவேணும்.

பொலிஸ் கிளியரன்ஸ், 18 வயசுக்குப் பிறகு, கடைசி 10 வருசத்தில தொடர்ந்து 6 மாதமோ கூடவோ இருந்த ஒவ்வொரு நாட்டிலயும் வேணும். கட்டாரில ரெண்டு வருசம், மலேசியாவில ஒரு வருசம் நிண்ட பெடியனுக்கு அதெல்லாம் தேடிப்பிடிக்க இழுபடும், அதால ஊர்க் கடதாசிக்கு முதல் அதைத் தொடங்குங்கோ. மலேசியாவில நிண்டதைச் சொல்லாமல் விடுவம் எண்டு மட்டும் நினைக்கவேண்டாம். பொய் சொன்னது பிடிபட்டால் 5 வருசத்துக்குத் தடை, அது அந்த ஆளோட நிக்காது, உங்கட நம்பிக்கையையும் கொண்டுபோகும்.

பிள்ளைக்கு 21 வயசு. நேரம் காணுமோ?

காணும், ஆனா கவனம். தங்கியிருக்கிற பிள்ளை எண்டா 22க்குக் குறைவு, கலியாணமும் இல்லை, சேர்ந்து வாழ்ற துணையும் இல்லை. (2014இல 19க்குக் குறைவு எண்டு இறக்கினவை, 2017 ஒக்ரோபர் 24இல திரும்ப 22 ஆக்கினவை, பழைய ஆக்கள் சொல்ற கணக்கு அதாலதான் குழம்புது.) முழு அப்ளிக்கேசன் போய்ச் சேர்ந்த நாளில வயசு பூட்டுப்படும், பேந்து 23 வந்தாலும் பரவாயில்லை. உடம்பாலயோ மனதாலயோ இயலாமல் 22க்கு முதலே தாய் தேப்பனில தங்கியிருக்கிற பிள்ளைக்கு வயசெல்லை இல்லை.

வயசு பூட்டுப்படும், கலியாண நிலை பூட்டுப்படாது. இதிலதான் ஆக்கள் விழுறது. விசா வரேக்க காதலிச்ச பிள்ளை அந்த அவசரத்தில பொம்பிளையோட ரெஜிஸ்டர் பண்ணிப்போட்டுப் பிளேன் ஏறுவார், "பேந்து அவளைக் கூப்பிடுவன்" எண்டு. கலியாணம் கட்டின அந்த நிமிசமே அவர் தங்கியிருக்கிற பிள்ளை இல்லை. எயார்ப்போட்டில "நிலைமையில ஏதும் மாற்றம் இருக்கோ" எண்டு கேக்கேக்க இல்லையெண்டால் பொய், அதோட அந்தப் பொம்பிளையும் மேல சொன்ன 117(9)(d)யில போய் விழுவா. ஒரு கையெழுத்தில ரெண்டு பேரின்ர வாழ்க்கையும் சிக்கும். விசா வந்த பிறகு பிள்ளை பிறந்தாலும் பிளேன் ஏற முதல் அறிவிக்கவேணும்.

18 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை ஒரு பெற்றோரோட மட்டும் வருதெண்டா, வராத மற்றவர் சம்மதம் குடுத்துக் கையெழுத்து வைக்கவேணும், அதுக்கு ஐ.எம்.எம் 5604 எண்டு ஃபோம் இருக்கு.

இஞ்ச வைச்சுப் போடுறதோ, ஊரில இருந்து போடுறதோ நல்லம்?

ஆள் கனடாவுக்குள்ள உங்களோட ஒரே வீட்டில இருந்தால் ரெண்டில எதையும் போடலாம். உள்ளுக்குப் போடுற வகுப்பில காத்திருக்கேக்க வேலை செய்ய ஓப்பின் வேர்க் பெர்மிற் கேக்கலாம், அதுதான் எல்லாரையும் இழுக்கிறது. குறை என்னெண்டா நிராகரிச்சால் இமிக்ரேசன் அப்பீல் பிரிவுக்குப் போகேலாது, ஃபெடரல் கோர்ட்தான், அங்க அனுமதி கேட்டுத்தான் உள்ளுக்கே போகலாம். வெளியில இருந்து போட்டதை நிராகரிச்சால் 30 நாளுக்குள்ள அப்பீல் போடலாம், அங்க புது ஆதாரமும் காட்டி நேரில சாட்சியும் சொல்லலாம். கலியாணத்தைப் பற்றிக் கேள்வி வரக்கூடிய ஃபைல் எண்டா என்ர அபிப்பிராயம் வெளி வகுப்புத்தான்.

மொத்தச் செலவு?

2024 ஏப்ரல் 30இல ஏத்தின கணக்கில மனுசன் அல்லது மனுசிக்கு ஸ்பொன்சர் கட்டணம் 85, அப்ளிக்கேசன் 545, குடியிருப்பு உரிமைக் கட்டணம் 575, எல்லாமா 1,205 டொலரா இருந்தது. கூட வாற பிள்ளைக்கு 175. கைரேகைக்கு 85, குடும்பமா எண்டா 170க்கு மேல இல்லை. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஏத்துறது வழக்கம், கட்டுற நாளில பாருங்கோ. நிராகரிச்சால் அந்த 575 திரும்பி வரும், 545 வராது. மெடிக்கல், பொலிஸ் கிளியரன்ஸ், மொழிபெயர்ப்பு எல்லாம் இதுக்கு வெளியால.

ஏஜென்ற் பிடிக்கவேணுமோ?

கட்டாயம் இல்லை. நேரான ஃபைல் எண்டா இங்கிலீஸ் வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளை ஒண்டு வீட்டில இருந்தால் நீங்களே போடலாம். சிக்கல் இருந்தால் லோயர், அல்லது கொலிஜ் ஒஃப் இமிக்ரேசன் அண்ட் சிற்றிசன்ஷிப் கொன்சல்ரன்ற்ஸ் எண்ட அமைப்பில பதிஞ்ச ஆள், அவையின்ர தளத்தில பேரை அடிச்சுப் பாக்கலாம். காசு வாங்கிப்போட்டு "என்ர பேரை ஃபோமில போடவேண்டாம்" எண்டு சொன்னால் அந்தக் கதிரையிலயே இருக்கவேண்டாம், எழும்பி வாங்கோ.

மற்றது ஈமெயில். கன ஏஜென்ற்மார் தங்கட ஈமெயிலைப் போட்டுத்தான் எக்கவுண்ற் திறப்பினம். இமிக்ரேசன் கடதாசி கேட்டு 30 நாள் தந்திருக்கும், அவர் ஊருக்குக் கலியாணத்துக்குப் போயிருப்பார், உங்களுக்கு ஒண்டும் தெரியாது. எக்கவுண்ற்றின்ர பாஸ்வேர்ட் உங்களிட்டை இருக்கவேணும், கடைசியா அனுப்பின முழு ஃபைலின்ர கொப்பியும் உங்களிட்டை இருக்கவேணும்.

ஃபைல் போட்டிட்டம், அதுக்கிடையில விசிற்றர் விசாவில கூப்பிடலாமோ?

கேக்கலாம். பி.ஆர் கேட்டுக்கொண்டே தற்காலிகமா வர விரும்புறது குற்றமில்லை எண்டு சட்டத்திலயே இருக்கு. தருவினமோ எண்டது வேற கதை, ஆனா 2023க்குப் பிறகு மனுசன் மனுசிக்கு முந்தியை விட நிலைமை நல்லம். ஸ்பொன்சர் ஃபைல் இருக்கெண்டதை அந்த ஃபோமில மறைக்கவேண்டாம், அவையின்ர கொம்பியூட்டரிலயே அது தெரியும்.

மனுசிக்கு சுகர், கிட்னிப் பிரச்சினை. மெடிக்கலில விழுந்திடுவாவோ?

மனுசன், மனுசி, தங்கியிருக்கிற பிள்ளையளுக்கு "மருத்துவச் செலவு கூட வரும்" எண்ட காரணத்தால நிராகரிக்கேலாது. காசநோய் மாதிரித் தொத்துறது எண்டா வைத்தியம் முடிச்சுப்போட்டு வரச்சொல்லுவினம். தாய் தேப்பனுக்கு இந்தச் சலுகை இல்லை.

அப்பா அம்மாவை எடுக்கிறது ஏன் இவ்வளவு கஷ்டம்?

விண்ணப்பிக்க விரும்பினாலும் போடேலாது, அழைப்பு வரவேணும். 2020 ஒக்ரோபர் 13இல இருந்து நவம்பர் 3 வரைக்கும் பேர் குடுத்த ஆக்களின்ர பட்டியலில இருந்துதான் 2025 வரைக்கும் குலுக்கி எடுத்தவை, 2025இல 17,860 பேருக்கு அழைப்புப் போனது. 2020இல பேர் குடுக்காத ஆளுக்கு அதில இடமே இல்லை. குடுத்த ஆக்கள் பழைய ஈமெயிலை ஒழுங்காப் பாருங்கோ, ஸ்பாமையும் சேர்த்து.

இன்கம் கணக்கு இதிலதான் கட்டாயம். வறுமைக் கோட்டுக்கு மேல 30 வீதம், தொடர்ந்து 3 வருசத்துக்கு, ரக்ஸ் நோட்டீஸில 15000ஆம் லைனில (மொத்த வருமானம்) இருக்கிற தொகையைத்தான் பாப்பினம். கையில வாங்கின காசு, கடையில பதியாமல் செய்த வேலை எல்லாம் இதில கணக்கே இல்லை. ஆள் எண்ணுறதிலயும் பிழை விடுகினம்: நீங்கள், மனுசி, ரெண்டு பிள்ளை, அப்பா, அம்மா எண்டா 6 பேர். முந்தி ஸ்பொன்சர் பண்ணி இன்னும் காலம் முடியாத ஆள் இருந்தால் அவரும் சேருவார். மனுசியும் சேர்ந்து கையெழுத்து வைச்சால் ரெண்டு பேரின்ர இன்கமும் கூட்டலாம்.

பொறுக்கேலாட்டி சுப்பர் விசா, அதாவது தாய் தேப்பன், அம்மம்மா அப்பப்பாவுக்கு எண்டு இருக்கிற நீண்டகால விசிற்றர் விசா. 2022 ஜூலை 4க்குப் பிறகு ஒருதரம் வந்தால் 5 வருசம் நிக்கலாம். ஒரு வருசத்துக்குக் குறையாத, 100,000 டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேணும், வயசானவைக்கு, அதுவும் சுகர் பிறசர் இருந்தால், அந்தப் பிறீமியம்தான் நெருக்கும். அதில பி.ஆர் இல்லை, மாகாணத்தின்ர ஹெல்த் காட்டும் இல்லை, பென்சனும் இல்லை. பேரப்பிள்ளையைப் பாக்க எண்டு வாற அம்மாவுக்கு அது காணும், இஞ்ச கடைசி மட்டும் இருக்கப்போற அம்மாவுக்குக் காணாது.

வந்த மனுசன் அடிக்கிறார், "ஸ்பொன்சரை எடுத்தால் உன்னைத் திருப்பி அனுப்பிடுவினம்" எண்டு ஸ்பொன்சர் பண்ணின ஆள் வெருட்டுறார்: ரெண்டு பக்கமும் கேக்கினம்.

பி.ஆர் கிடைச்ச ஆளை, பிரிஞ்சதுக்காக ஒருத்தரும் அனுப்பேலாது. 2012இல இருந்து 2017 வரைக்கும் "ரெண்டு வருசம் சேர்ந்து இருக்கவேணும்" எண்டு ஒரு நிபந்தனை இருந்தது, அதை எடுத்தாச்சு. கலியாணமே பொய் எண்டு காட்டினால்தான் வழக்கு, அதையும் அரசாங்கம்தான் வைக்கும், புருசன் இல்லை. பி.ஆர் இன்னும் வராத, அடி வாங்குற ஆளுக்கு 2019 ஜூலையில இருந்து கட்டணம் இல்லாத தற்காலிக வதிவிட அனுமதி இருக்கு. ஆபத்தெண்டா முதல் 911, ஃபைல் எல்லாம் பேந்து.

ஒரே பாலினத் துணையை எடுக்கலாமோ?

எடுக்கலாம், 2005இல இருந்து கனடாவில கலியாணமும் சட்டம். ஊரில கட்டவும் ஏலாது, ஒண்டா வீடெடுத்து இருக்கவும் ஏலாது எண்ட நிலைமையில இருக்கிற ஆக்களுக்கு, ஒரு வருசத்துக்குக் குறையாத உறவெண்டா கொன்ஜூகல் பார்ட்னர் எண்ட வகை இருக்கு. அதில ஏன் கட்டேலாமல் இருந்தது எண்டதைத்தான் கூட விளக்கவேணும்.

நான் ஸ்பொன்சரில வந்தனான், பிரிஞ்சிட்டம். நான் வேற ஆளைக் கட்டிக் கூப்பிடலாமோ?

மனுசன் மனுசி எண்டு ஸ்பொன்சரில வந்த ஆள், பி.ஆர் ஆன நாளில இருந்து 5 வருசம் போகாமல் இன்னொரு துணையை ஸ்பொன்சர் பண்ணேலாது, இடையில சிற்றிசன் ஆகினாலும்தான். பிள்ளையளைக் கூப்பிட இந்த 5 வருசக் கணக்கு இல்லை, ஆனா உங்கட பி.ஆர் ஃபைலில அவையின்ர பேர் இருந்திருக்கவேணும்.